பகிஷ்கரிப்பும் ஊர்விலக்கும்

"எமது கொள்கைக்குப் பகையானவனின் கல்லாப்பெட்டியில் எமது காசு விழலாகாது" என்றொரு வாதம் கொழும்புத் தமிழரிடையே சில ஆண்டுகளாக மிகவும் மரியாதைக்குரிய வாதமாக உலவி வருகின்றது. வெள்ளவத்தையில் ஆசிரியர் ஓய்வறையிலும், கொட்டாஞ்சேனையில் கோயில் வீதியிலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் இதனை நாம் கேட்டிருக்கின்றோம். சொல்பவர்கள் முரடர்கள் அல்லர். படித்தவர்கள், பண்பாளர்கள், நாலு பேருக்கு உதவுபவர்கள். "சண்டை வேண்டாம், கல்லெறிய வேண்டாம், வாங்காமல் இருந்தால் போதும், காந்தியடிகள் காட்டிய வழிதானே இது?" என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியாமல் திகைப்பவர்கள் பலர். அந்தப் பதிலை எழுதிவைப்பது அவசியமென்று கருதுகின்றோம். ஏனெனில், "கொள்கைக்குப் பகையானவன்" என்று பொதுப்படத் தொடங்கும் இவ்வாதம் இரண்டாவது வாக்கியத்திலேயே "முஸ்லிம் கடை" என்று பெயர் சூடிக்கொள்கின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பகிஷ்கரிப்பு என்னும் ஆயுதத்தை நாம் வெறுப்பவர்கள் அல்லர். உழைக்கும் மக்களின் கையில் உள்ள ஆயுதங்கள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. 1880ஆம் ஆண்டில் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், ஏர்ன் பிரபுவின் நிலங்களை மேற்பார்த்த சார்ள்ஸ் பொய்கொட் என்ற காரியஸ்தரிடம் குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கும்படி கேட்டனர். அவர் இணங்கவில்லை, குடிகளை எழுப்பவும் முற்பட்டார். அதன்மேல் அவருடைய வயலில் இறங்க ஊரில் ஆளில்லை. அவருக்குச் சாமான் விற்கக் கடையில்லை. இறுதியில் ஐம்பது பேரளவிலான வெளியூர் ஆட்களைக் கொண்டு, அவர்களைக் காக்க ஆயிரம் பேரளவில் படையினரையும் பொலிசாரையும் நிறுத்தி, அறுவடையை முடிக்க வேண்டியதாயிற்று. அம்மனிதரின் பெயரே ஆங்கிலத்தில் இச்செயலுக்குப் பெயராக நிலைத்தது.

எமது கரைக்கே வருவோம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியின் தனியுரிமை போல் இருந்த காலம் ஒன்றுண்டு. 1906 ஒக்டோபரில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியைப் பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வாங்கப்பட்டு அவ்வழியில் ஓடின. கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள இதே துறைமுகத்துக்குத்தான் அவை வந்து சேர்ந்தன. வெள்ளைக் கம்பெனி முதலில் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர் கட்டணமே வேண்டாம், ஏறினால் போதும் என்றது. அதற்கும் மேலாகப் பயணிக்கு ஒரு குடை இலவசம் என்றது. (இலாபத்துக்கு ஆபத்து வரும்போது முதலாளித்துவம் எத்துணை தாராள மனம் படைத்ததாகிவிடுகின்றது!) 1908 மார்ச்சில் சிதம்பரனார் கைதானார், 1911இல் கம்பெனி கலைந்தது. தோல்விதான். ஆயினும் அந்தக் குடையை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுத் தன் சொந்தக் காசில் சுதேசிக் கப்பலேறிய சாதாரணப் பயணி எதனை மறுத்தான் என்பது கவனிக்கத் தக்கது. ஓர் ஏகபோகத்தை மறுத்தான்; அதன் பின்னே நின்ற ஏகாதிபத்தியத்தை மறுத்தான்.

காந்தியையும் சுதேசியத்தையும் துணைக்கழைக்கும் எமது அன்பர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கம்பெனிக்குத் தலைமை தாங்கியவர் மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். பெருந்தொகைப் பங்குகளை வாங்கி அதனை நிற்கச் செய்தவரோ ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர். தமிழன் பெருமையோடு நினைவுகூரும் அந்தப் பகிஷ்கரிப்புக் கப்பல் ஒரு முஸ்லிம் வணிகரின் பணத்தில் மிதந்தது. அந்த வரலாற்றைச் சான்றாகக் காட்டி முஸ்லிம் கடையை விலக்கச் சொல்பவர்கள், வரலாற்றில் பாதிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கின்றார்கள்.

இனி, அதே ஆயுதம் கைமாறிய கதையைச் சொல்வோம். அதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் இன்று ஹவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933 பெப்ரவரியில் அங்கு வேலைநிறுத்தம் வெடித்தது. கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் அதற்குத் தலைமை தாங்கினர். ஆலையில் சிங்களவரும் இருந்தனர், மலையாளிகள் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளரும் பெருந்தொகையில் இருந்தனர். அந்த வேலைநிறுத்தத்தை முறியடிக்க முன்வந்தவர் யார்? 1923இல் கொழும்பின் பொது வேலைநிறுத்தத்தை நடத்திய ஏ. ஈ. குணசிங்க! பொருளாதார மந்தம் வந்து வேலையின்மை பெருகியதும், சம்பளத்தை வெட்டிய முதலாளியைச் சுட்டிக்காட்ட வேண்டிய விரல் பக்கத்தில் நின்ற மலையாளத் தொழிலாளியை நோக்கித் திரும்பிற்று. மலையாளியை விலக்கும்படி 1930களில் கொழும்பில் நடந்த இயக்கம் அப்படித்தான் பிறந்தது. மந்தத்தை உண்டாக்கிய எவருக்கும் அதனால் ஒரு சதம் நட்டமில்லை.

அதே 1933இல், ஏப்ரல் 1ஆம் திகதி, ஜெர்மனியில் யூதரின் கடைவாசல்களில் நாஜிப் படையினர் பலகை பிடித்து நின்றனர். யூதனிடம் வாங்காதே என்பதே அப்பலகைகளின் சாரம். அன்று அவர்கள் கேட்டதும் "வாங்காமல் இருந்தால் போதும்" என்பதுதான். அதன் பின் நடந்ததை உலகம் அறியும்.

பொய்கொட்டை விலக்கிய குடியானவனும் யூதனை விலக்கிய நாஜியும் செய்தது ஒரே செயல் என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? இரண்டிலும் வாங்க மறுத்தல் உண்டு. ஆனால் பொய்கொட் குத்தகையைக் குறைத்திருந்தால் மறுநாளே அவருடைய வயலில் ஆள் இறங்கியிருக்கும். யூதக் கடைக்காரன் எதைச் செய்திருந்தால் அந்தப் பலகையை இறக்கியிருப்பார்கள்? செய்வதற்கு அவனிடம் ஒன்றுமில்லை. அவன் பிறந்ததே குற்றம். முன்னையதைப் பகிஷ்கரிப்பு என்போம். பின்னையதற்குத் தமிழில் பழைய பெயரொன்று உண்டு. ஊர்விலக்கு என்பது அது. ஊர்விலக்குக்குப் பகிஷ்கரிப்பின் சட்டையை மாட்டிவிட்டால் அது முற்போக்காகிவிடும் என்று நினைப்பவர்களோடுதான் எமது வழக்கு.

எமது நாட்டின் அண்மைக்கால நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது வெளிச்சமாகும். 2013 பெப்ரவரி 17ஆம் திகதி மஹரகமையில் பொதுபல சேனா கூட்டம் போட்டு ஹலால் முத்திரையை நீக்க வேண்டுமென்று காலக்கெடு விதித்தது. ஹலால் முத்திரையிட்ட பொருளை வாங்காதே என்பது அவர்களின் பிரசாரம். அந்த முத்திரை வேண்டுமா வேண்டாமா என்று நியாயமாக விவாதிக்க இடமிருந்தது. நாம் அதை மறுக்கவில்லை. அடுத்த மாதமே, மார்ச் 11ஆம் திகதி, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா உள்நாட்டுச் சந்தைக்கான முத்திரையைக் கைவிடுவதாக அறிவித்தது. கேட்டது கிடைத்துவிட்டது. உண்மையான பகிஷ்கரிப்பாயின் அந்த இடத்தில் அது முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா? அதே மார்ச் 28ஆம் திகதி பெப்பிலியானையில் முஸ்லிம் வணிகரின் புடைவை நிறுவனம் தாக்கப்பட்டது. 2014 ஜூனில் அளுத்கமை எரிந்தது, உயிர்கள் போயின. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவுக்கடையின் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகப் புரளி கிளப்பிக் கடையையும் பள்ளிவாசலையும் நொறுக்கினர். மாத்திரை என்று பிடிபட்டது வெறும் மாக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொல்லிற்று. அறிக்கை வருவதற்குள் திகனையும் எரிந்துவிட்டது.

அந்த அம்பாறைக் கடையில் நடந்ததைத் தமிழர் ஒருகணம் நின்று சிந்திக்க வேண்டும். கல்லாவில் இருந்த மனிதருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. சுற்றி நின்று உறுக்கியவர்கள் கேட்ட கேள்வி விளங்காமலே அவர் ஆமென்று தலையசைத்தார்; அதைப் படமெடுத்து நாடெங்கும் பரப்பினர். அவர் பேசிய மொழி தமிழ். 1958இலும் 1983இலும் வீதியில் மறித்து, வாளிக்கான சிங்களச் சொல்லை உச்சரிக்கச் சொல்லித் தமிழனை இனங்கண்டவர்களின் பேரப்பிள்ளைகள் செய்த சோதனை அது. மொழி எமது, அடி அவருக்கு.

இனி 2019 ஏப்ரல் 21க்கு வருவோம். இங்கே நாம் மெதுவாகப் பேச வேண்டும். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் உயிர்த்த ஞாயிறுப் பூசையின்போது வெடித்த குண்டு கொட்டாஞ்சேனையின் எத்தனையோ வீடுகளில் நிரந்தர இருளைக் கொண்டுவந்தது. மட்டக்களப்புச் சியோன் தேவாலயத்தில் குழந்தைகள் மாண்டனர். நாட்டில் அன்று உயிரிழந்தோர் 250க்கும் மேல். அவர்களுள் தமிழர் பலர். தற்கொலைக் குண்டுதாரிகளுள் இருவர் செல்வந்த முஸ்லிம் வணிகக் குடும்பமொன்றின் பிள்ளைகள் என்பதும் மறைக்கத் தேவையில்லாத உண்மை. மகளைப் புதைத்துவிட்டு வந்த தாய் ஒருத்தி ஒரு கடையின் படியேற மனமின்றித் திரும்பிப் போனால், அவளைக் கேள்வி கேட்கும் தகுதி எமக்கில்லை. துக்கத்துக்கு நியாயம் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆனால் எமது வாதம் அந்தத் தாயோடு அன்று. ஒருவரையும் இழக்காமல், அவளுடைய துக்கத்தைக் கடன் வாங்கிக் கொள்கையாக மாற்றியவர்களோடு. குண்டுக்குப் பொறுப்பு யார் என்பதை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றமே ஆராய்ந்தது. முன்னறிவித்தல் கிடைத்தும் கடமை தவறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவையும் பாதுகாப்பு, பொலிஸ் உயர் அதிகாரிகளையும் பொறுப்பாளிகளாகக் கண்டு நட்டஈடு செலுத்தப் பணித்தது. சிறிசேனவின் பங்கு மட்டும் பத்துக் கோடி ரூபா. அந்தத் தீர்ப்பில் வெள்ளவத்தைப் பலசரக்குக் கடைக்காரர் எவருடைய பெயரும் இல்லை. ஆனால் 2019 ஜூன் மாதத்தில் தண்டனை விதிக்கப்பட்டது அவர்களுக்குத்தான். அஸ்கிரிய பீடத்தின் மகாநாயக்கர் முஸ்லிம்களின் கடைகளுக்குப் போகவேண்டாமென்று பகிரங்கமாகவே கூறினார். வென்னப்புவைப் பிரதேச சபையின் தலைவர் தங்கொட்டுவை வாராந்தச் சந்தையில் முஸ்லிம் வியாபாரிகளைத் தடைசெய்து கடிதமே எழுதினார். மாரவில நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று.

சிங்களப் பேரினவாதம் இதைச் செய்ததில் எமக்கு வியப்பில்லை. அதன் பின்னால் தமிழர் சிலரும் நடந்ததுதான் வேதனை. அந்த ஜூனில் பதினோராந் தரத்தில் எம்மிடம் தமிழ் படித்த முஸ்லிம் மாணவன் ஒருவன், பாடம் முடிந்ததும் மேசையருகே வந்து, "சேர், எங்கட கடைக்கு இப்ப உங்கட ஆக்களும் வாறல்ல" என்றான். குற்றஞ்சாட்டும் குரலில் அவன் அதைச் சொல்லவில்லை. சிங்களவர் வராததற்குக் காரணம் அவனுக்கு விளங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் வராததற்குக் காரணம் என்னவென்று தமிழ் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்திருந்தான். என்ன காரணம் சொல்வது?

1983 ஜூலை 25ஆம் திகதி காலி வீதியில், வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும், எரிந்த கடைகள் எவருடையவை? வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இது தமிழன் கடை, கொளுத்து. இது அவனுடையதன்று, விடு என்று பிரித்தறிந்து கொளுத்தினார்கள். அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் "தமிழன் வியாபாரத்தை வளைத்துக்கொண்டான்" என்ற முணுமுணுப்பு மேடையிலும் பத்திரிகையிலும் நடந்தது என்பதை எமது பெற்றோர் மறக்கவில்லை. கடைக்குத் தீ வைப்பவன் முதல்நாள் தீக்குச்சியோடு வருவதில்லை. அவன் முதலில் கடைகளை இனவாரியாக எண்ணத் தொடங்குகின்றான். எந்தக் கடை யாருடையது என்ற பட்டியல் ஓர் ஊரில் வழக்குக்கு வந்துவிட்டால், அதை வாங்காதிருக்கப் பயன்படுத்துவதா எரிக்கப் பயன்படுத்துவதா என்பது அடுத்த கலவரத்தின் சௌகரியத்தைப் பொறுத்தது. அத்தகைய பட்டியலில் ஒருமுறை இடம்பெற்ற சமூகம் இன்னொரு சமூகத்துக்குப் பட்டியல் எழுதித் தருகிறதென்றால் அதை என்னென்பது!

இன்னுமொன்றும் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேர அவகாசத்தில், கையிலிருந்த பொருளையும் பறித்துக்கொண்டு, விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். வடக்கிலிருந்து அந்நாட்களில் துரத்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, கஸ்தூரியார் வீதியில் கடை வைத்திருந்த மக்கள் அவர்கள். கிழக்கில் இரு சமூகங்களுக்கும் இடையே இரத்தக் கணக்குகள் உண்டென்பதை நாம் அறிவோம். அவை இருபக்கமும் எழுதப்பட்ட கணக்குகள். ஆனால் யாழ்ப்பாணத்துக் கடைக்காரனின் வெளியேற்றத்துக்கு ஒரு பக்கந்தான் உண்டு. தமிழரின் பெயரால் அச்செயல் நடந்தபின், "முஸ்லிம் கடைக்குப் போகாதே" என்ற வாக்கியம் தமிழின் வாயில் சாதாரண வாக்கியமாக ஒலிக்க முடியாது.

ஊர்விலக்கு எப்படி இயங்கும் என்பதை யாழ்ப்பாணத்தானுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அவன் அதில் பண்டிதன். கோயிலில் வழிபடவோ, பள்ளிக்கூடத்தில் வாங்கில் இருக்கவோ, இடுப்புக்கு மேலே துணி போடவோ உரிமை கேட்ட ஒடுக்கப்பட்டவனுக்கு எதிராக ஆதிக்க சாதியினர் கையாண்ட முதல் ஆயுதம் அரிவாள் அன்று. கூலிவேலை கொடுக்காதே, கிணற்றில் தண்ணீர் கொடுக்காதே, கடையில் சாமான் கொடுக்காதே என்பதுதான். தேநீர்க்கடைகளில் அவனுக்கு உள்ளே இடமில்லை. வாசலில் நிறுத்தி, போத்தலிலோ தகரப் பேணியிலோ ஊற்றிக் கொடுத்தனர். கொள்கை மாறுபாட்டுக்காகக் கடையை மனிதர் பகிஷ்கரிப்பது பற்றி எமது அன்பர்கள் பேசுகின்றார்கள். அங்கே கடையே மனிதரைப் பகிஷ்கரித்தது! அந்தக் கடைக்காரர்களுக்கும் கொள்கை இருந்தது. ஆசாரம் என்று அதற்குப் பெயர். சுத்தம், மரபு, முன்னோர் வழக்கம் என்று மிக உயர்ந்த சொற்களாலேயே அதனைப் பேசினார்கள்.

அதற்கெதிராகச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை என்ன செய்தது? சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தபின் மகாசபையினர் தேநீர்க்கடைப் பிரவேச இயக்கத்தைத் தொடங்கினர். 1958 டிசம்பரில் யாழ்ப்பாண நகரில் சில கடைகள் கதவைத் திறந்தன. கிராமங்கள் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. பொலிசார் தடியடி நடத்தினர். அதன் பின் சங்காணையிலும் சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் தேநீர்க்கடைகளுக்காகப் போராட்டம் நடந்தது, உயிர்ப்பலியும் நேர்ந்தது. ஒரு கோப்பைத் தேநீருக்காகவா என்று அன்று கேலி பேசியவர்கள் உண்டு. தேநீரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் குடிக்கும் பாத்திரத்தில், எல்லோரும் இருக்கும் வாங்கில், காசு கொடுத்துக் குடிக்கும் உரிமை மனிதனின் உரிமை என்று அந்தப் போராட்டம் நிலைநாட்டிற்று. கடை என்பது பொதுவிடம் என்ற உண்மையை எமது சமூகம் அந்த இரத்தத்திலிருந்துதான் கற்றது. கே. டானியலின் "பஞ்சமர்" நாவலை எமது இலக்கியச் சாதனையென்று கொண்டாடுகிறோம். அதைக் கொண்டாடும் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிவிட்டு வீடு திரும்பும் வழியில், எந்தக் கடையில் பாண் வாங்குவது என்பதைக் கடைக்காரனின் தொப்பியைப் பார்த்துத் தீர்மானிப்பவரை என்ன செய்வது?

"எனது காசை எங்கே செலவிடுவது என்பது எனது சுதந்திரம்" என்பார்கள். ஆம், சுதந்திரந்தான். மாட்டிறைச்சி சமைக்கும் கடையில் உண்ண விரும்பாத சைவர் வேறு கடைக்குப் போகலாம். அது உணவுப் பழக்கம், அதற்குக் கொள்கை விளக்கம் தேவையில்லை. விலை மலிவென்று புறக்கோட்டைக்குப் போகலாம். பக்கத்தில் என்று சந்திக் கடைக்குப் போகலாம். ஒருவர் மௌனமாகச் செய்யும் தெரிவை நாம் விசாரிக்க வரவில்லை. ஆனால் அதனைப் பத்துப் பேருக்குச் சொல்லி, கைத்தொலைபேசியில் நூறு பேருக்கு அனுப்பி, போனவரைக் குறைகூறி நாணச் செய்யும்போது அது தனிமனிதத் தெரிவு என்ற எல்லையைக் கடந்துவிடுகின்றது. அது இயக்கம். இயக்கமென்றால் அதன் கோரிக்கை என்ன, எது நிறைவேறினால் அது முடியும், அதனால் பட்டினி கிடப்பவன் யார் என்று கேட்க எவருக்கும் உரிமையுண்டு.

பட்டினி கிடப்பவன் யார்? வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் கடைகளில் மூட்டை தூக்குபவனையும் நிறுவைத் தட்டடியில் நிற்பவனையும் எந்த ஊரென்று கேட்டுப் பாருங்கள். ஹட்டன் என்பான், பொகவந்தலாவை என்பான், பதுளை என்பான். தோட்டத்து லயத்திலிருந்து, தாய் பறிக்கும் கொழுந்தின் கூலி வீட்டுக்குப் போதாமல், பதினாறு பதினேழு வயதில் கொழும்புக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள். முதலாளி முஸ்லிமாக இருக்கலாம், தமிழராக இருக்கலாம், சிங்களவராக இருக்கலாம். வியாபாரம் விழுந்தால் முதலாளி வங்கிக்குப் போவார்; இவன் மலைக்குத் திரும்புவான். இனத்தின் பெயரால் செய்யப்படும் பகிஷ்கரிப்பு முதலில் கடிப்பது தன் இனத்தின் ஏழையையே என்பதைக் கண்டுகொள்ள ஆராய்ச்சி வேண்டியதில்லை. கடையின் பின்கதவருகே ஒருதரம் நின்றாற் போதும்.

இங்கேதான் எமது முக்கியமான கேள்வி எழுகின்றது. கொள்கைக்கு மாறான கடையை விலக்க வேண்டுமென்பது உண்மையான கவலையாயின், எமது கொள்கை என்ன? மனித உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்பது எமது கொள்கையாயின், முதலில் நிற்க வேண்டிய வாசல் எது? தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் நாம் குடும்பத்தோடு படியேறும் புடைவைக் கடைகளின் வாசல் அன்றோ? காலையில் வந்த பெண்பிள்ளை இரவு கதவடைக்கும்வரை நின்றபடியே நாற்பது சேலைகளை விரித்துக் காட்டுகின்றாள். நாம் ஒன்றும் பிடிக்கவில்லையென்று எழுந்து போகின்றோம். அவள் நாற்பதையும் மடித்து அடுக்குகின்றாள். நாம் இருந்தோம், அவள் நின்றாள். சென்னை ரங்கநாதன் தெருவின் இந்த வாழ்க்கையை வசந்தபாலனின் "அங்காடித் தெரு" 2010இல் திரையில் காட்டியபோது கொழும்பிலும் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த கிழமை அதே படியேறியவர்களும் அவர்களே. கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் அழுதுகொண்டிருக்கவில்லை. பெண்கூட்டு என்று சங்கம் அமைத்தார்கள். உட்காரும் உரிமை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை கொடுக்க வேண்டுமென்று சட்டம் செய்தது. ஒரு முக்காலிக்காகச் சட்டசபை கூடவேண்டியிருந்தது!

இலங்கையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கிழமைக்கு 45 மணி நேரமே வேலை என்கின்றது. ஒன்றரை நாள் விடுமுறை என்கின்றது. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி சிப்பந்தியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் கடை எது, கடைப்பிடிக்காத கடை எது என்று எமது பகிஷ்கரிப்பு வீரர்கள் எப்போதாவது விசாரித்ததுண்டா? முதலாளியின் மதம் அவர்களுக்கு மனப்பாடம். சிப்பந்தியின் சம்பளம் அவர்களுக்குத் தெரியாது. "எங்கட ஆளின்ட கடை" என்று சொல்லிக்கொண்டு ஏறும் படியில், எங்கட ஆளின் பிள்ளை பன்னிரண்டு மணி நேரம் நிற்கின்றது என்பது கண்ணில் படுவதில்லை.

அப்படியானால் அந்தப் புடைவைக் கடைகளை நாளைக்கே பகிஷ்கரிப்போமா? அவசரப்படலாகாது. நாமாக முடிவெடுத்து விலகினால் முதலில் வேலை போவது அந்தப் பெண்பிள்ளைக்கே. தோட்டத் தொழிலாளர் 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சிலேதான் அதனைச் சட்டபூர்வமாகப் பெற்றனர். அக்காலத்தில் யாராவது தேயிலை குடியாதிருந்திருந்தால் துரைமார் அழுதிருக்கமாட்டார்கள். லயத்து அடுப்புத்தான் அணைந்திருக்கும். பாதிக்கப்பட்டவன் கேட்காத பகிஷ்கரிப்பு தர்மகர்த்தாவின் விளையாட்டு. கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களில் 1965 செப்டெம்பரில் வேலையை நிறுத்திய தொழிலாளர்கள் தாமே நாட்டு மக்களைப் பார்த்து, எங்கள் சம்பளம் தீரும்வரை திராட்சை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். மக்கள் கேட்டார்கள், 1970இல் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், திராட்சை மறுபடி மேசைக்கு வந்தது. பாலஸ்தீன மக்களின் அமைப்புகளும் 2005 ஜூலை 9ஆம் திகதி அவ்வாறே உலகை நோக்கி அழைப்பு விடுத்தன. 2023 ஒக்டோபருக்குப் பின் காஸாவின் பெயரால் சில பானங்களை மறுக்கும் வெள்ளவத்தை முஸ்லிம் இளைஞனை அதனாலேயே நாம் மதிக்கின்றோம். அழைத்தவர் பாதிக்கப்பட்டவர், கோரிக்கை வெளிப்படை, அது நிறைவேறினால் மறுப்பும் முடியும். கைத்தொலைபேசியில் வரும் கம்பெனிப் பட்டியல்கள் அனைத்தும் சரியானவையல்ல என்பதை மட்டும் அவனுக்குச் சொல்வோம், சரிபார்த்து மறுக்கட்டும்.

ஆகவே வெள்ளவத்தை அன்பர்களிடம் நாம் கேட்பது பெரிய தியாகமன்று. அடுத்த தீபாவளிக்குச் சேலை வாங்கப் போகும்போது, விலை கேட்பதற்கு முன், விரித்துக் காட்டும் பிள்ளையிடம் அவளுக்கு இருக்க முக்காலி உண்டா என்று கேளுங்கள். மூன்று நான்கு பேர் தொடர்ந்து கேட்டால் முதலாளியின் காதில் விழும். சேமலாப நிதிக் கணக்கு அவள் பெயரில் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவள் விரும்பினால், முறைப்பாடு எழுத உதவுங்கள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதப் பழக்குகின்ற எமக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதுவது கடினமன்று. தமிழிலேயே எழுதலாம், அதற்கும் சட்டம் இருக்கின்றது. அந்தப் பிள்ளைகள் ஒருநாள் ஒன்றுகூடி, இந்தக் கடைக்கு வராதீர்கள் என்று எம்மைக் கேட்டால், அன்று போகாதிருப்போம்; அந்தக் கடை தமிழருடையதாயினும், முஸ்லிமுடையதாயினும், எமது சொந்த மைத்துனருடையதாயினும். தொழில் திணைக்களம் நாரஹேன்பிட்டியில் இருக்கின்றது. வெள்ளவத்தையிலிருந்து அது தூரமில்லை.